கொக்கிப் பாயை ஃபர்லருக்கு மாற்றித் தைத்தது: காரைக்குடி தார்ப்பாய்க் கடை எப்படி?

செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது கடை. போர்டில் பெயர் கிடையாது. 'தார்ப்பாய், ரெக்சின், பந்தல் துணி தைத்துத் தரப்படும்' என்று மட்டும் எழுதியிருக்கும். லாரிக்குத் தார்ப்பாய், டிராக்டருக்கு சீட், முகப்பில் வெயில் மறைக்கப் படுதா, இவைதான் அவர்கள் பிழைப்பு. நான் கொண்டுபோனது பாய்மரப் படகின் முன்பாய்.

தொண்டியில் நிற்கும் என் ஃபைபர் படகின் முன்கம்பியில், அதாவது பாய்மரத்தின் மேலிருந்து படகின் முனைக்கு வரும் கம்பியில், பாயைச் சுருட்டும் ஃபர்லர் மாட்டியிருக்கிறேன். பாயை இறக்கி மடிக்க வேண்டாம், கம்பியோடு சேர்த்துச் சுருட்டிவிடலாம். சென்னையில் செகண்ட் ஹேண்டாகக் கிடைத்த பாயோ பழைய மாதிரி, முன் ஓரம் நெடுக, கம்பியில் மாட்டப் பித்தளைக் கொக்கிகள். அவற்றைக் கழற்றிவிட்டு, உள்ளே கயிறு ஓடும் நாடாவை அந்த ஓரத்தில் தைக்க வேண்டும். ஃபர்லரின் அலுமினியக் குழலில் உள்ள பள்ளத்துக்குள் அந்தக் கயிறுதான் ஏறும். என் குழலுக்கு 5 மில்லிமீட்டர் கயிறு. தைப்பதற்கு முன்பே ஒரு துண்டு நாடாவைப் பள்ளத்தில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஃபர்லரின் டிரம் கீழேயும் சுழலி மேலேயும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கம்பி நீளத்துக்குத் தைத்த பாய் இதில் அடங்காது. என் பாய் ஏற்கெனவே கொஞ்சம் குட்டை, அதனால் நீளத்தில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கடையைத் தேடிப் போனதற்குக் காரணம் அவர்களிடம் இருக்கும் ஜிக்ஜாக் மெஷின். காற்று இழுக்கும்போது பாயின் டேக்ரான் (பாலியெஸ்டர்) துணி கொஞ்சம் நீளும். நேர்த்தையல் அதற்கு ஈடுகொடுக்காமல் அறுந்துவிடும், ஜிக்ஜாக் தாங்கும்.

கடையில் பாயை விரிக்க இடமில்லை. மாஸ்டரே வீட்டுக்கு வந்துவிட்டார். வளவுத் தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல் தரைமேல் விரித்தோம். கல் இணைப்புக் கோட்டோடு முன் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தவர், "அண்ணே, நடுவுல உள்வாங்கி இருக்கே, நேரா வெட்டிரவா?" என்றார். ஒன்றரை இஞ்ச் வளைவு. வெட்டவே கூடாது என்றேன். காற்றடிக்கும்போது முன்கம்பி தொய்யும், அந்தத் தொய்வுக்காகவே விட்ட வளைவு அது. நேராக்கினால் பாய் வயிறு தள்ளி நிற்கும், காற்றுக்கு எதிரே படகு ஏறாது. ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டார். பழைய ஐலெட்டுகளை ஒட்டி, அதே வளைவில் சாக்பீஸ் கோடு போட்டு வெட்டினார். உள்ளே இருந்த பழைய கயிற்றையும் உருவியாயிற்று.

தைப்பதைத்தான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். துணியிலும் நாடாவிலும் அடிக்கொரு பென்சில் குறி. இரண்டையும் டபுள் சைடு டேப்பால் ஒட்டி, நாடாவை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, குறிக்குக் குறி சேர்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஓட்டினார். பசை ஏறி ஊசி திணறும்போதெல்லாம் மெஷினை நிறுத்தி, ஊசியில் சோப்புக் கட்டியைத் தேய்த்தார். கீழ் மூலையில் டிரம்மோடு மாட்டும் இடத்துக்குச் சற்று மேலேதான் நாடா தொடங்க வேண்டும், தலைப்பகுதியிலும் சற்று முன்பே முடிய வேண்டும். அந்த இரண்டு முனைகளையும் கோணி ஊசியால் கையால் இறுக்கித் தைத்திருக்கிறார். லாரிப் படுதாவில் பழகிய கை, சும்மா சொல்லக்கூடாது.

சுருட்டிய பாய் நாள் முழுக்க வெயிலில் கிடக்கும். அதனால் பின் ஓரத்திலும் அடி ஓரத்திலும் சுருட்டினால் வெளியே தெரியும் பக்கமாக ஒரு பட்டை தைக்க வேண்டும். கடைக்காரர் பந்தல் ரெக்சினைக் காட்டினார். கனம் அதிகம், இளங்காற்றில் பாய் தொங்கிவிடும். நான் வாங்கி வைத்திருந்த அக்ரிலிக் துணியையே கொடுத்தேன்.

குறை இரண்டு. நான் கொடுத்த பாலியெஸ்டர் நூல் தீர்ந்ததும், என்னைக் கேட்காமல் கடைசி மூலையை நைலான் நூலில் முடித்துவிட்டார்கள். வெயிலுக்கு நைலான் சீக்கிரம் இற்றுப்போகும், அதுவும் பாயைக் காற்றுக்கு ஏற்பப் பிடிக்கும் தாமான் கயிறு கட்டி இழுக்கும் மூலை! கேட்டதும் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. ஆனால் நான் திருப்பிப் பார்த்ததால்தானே தெரிந்தது? இன்னொன்று தாமதம். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழா நேரத்தில் கொடுத்தேன். பந்தல் வேலைக்கு நடுவே என் பாய் மூலையில் கிடந்தது. அந்த மாதங்களில் கொடுக்காதீர்கள்.

தையல் கூலி 2,200 ரூபாய். நாடா, நூல், பட்டைத் துணி எல்லாம் என்னுடையவை. தொண்டியில் ஏற்றிப் பார்த்தோம். ஒருவர் நாடாவைப் பள்ளத்தில் நுழைத்துக் கொடுக்க, ஒருவர் கயிற்றை இழுக்க, எங்கும் சிக்காமல் மேலே போனது. தலைப்பக்கம் ஒரு சுருக்கம் தெரிகிறது, ஏற்றும் கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் மறைகிறது. பாதி சுருட்டி ஓட்டினால் பாய் கொஞ்சம் பையாகிறது. முன் ஓரத்தில் ஃபோம் பட்டை வைத்தால் சரியாகும், ஆனால் அதை இவர்களிடம் கொடுக்க மாட்டேன்.

கொக்கியை எடுத்து நாடா தைக்க வேண்டுமா, தாராளமாகப் போங்கள். அளவும் குறியும் நூலும் உங்களுடையதாக இருக்கட்டும். பாயின் வடிவத்தையே மாற்ற வேண்டுமென்றால் பாய் தைப்பவரிடமே போங்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்.