டர்க்கி என்ற பெயர்: தோகையா, துருக்கியா?

நவம்பர் நான்காம் வியாழன், அதாவது தேங்க்ஸ்கிவிங் (நன்றி நவிலும் நாள்), நெருங்கினால் அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள்: மெக்சிகோப் பறவையான வான்கோழிக்கு ஆங்கிலத்தில் ஏன் 'டர்க்கி' என்று துருக்கியின் பெயர்? இரண்டு பதில்கள் உலவுகின்றன. இரண்டையும் அலசிப் பார்த்துவிட்டு, வீட்டில் சொல்வதற்குக் கினிக்கோழிக் கதையைத்தான் எடுத்துக்கொண்டேன்.

தமிழர் மனதுக்கு இனிப்பது மற்றது. 1492இல் கொலம்பசோடு வந்த மொழிபெயர்ப்பாளர் லூயிஸ் டி டோரஸ் யூதராகப் பிறந்தவர். அவர் வான்கோழியைப் பார்த்து, மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லால் 'துக்கி' என்றாராம். அது டர்க்கி ஆனதாம். பைபிளில் சாலமோன் அரசனின் கப்பல்களில் தந்தம், குரங்குகளோடு வந்திறங்கிய அந்தத் 'துக்கி' நம் 'தோகை'தான் என்று கால்டுவெல் காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். அதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. தீர்ப்பை எபிரேயம் படித்தவர்களிடம் விடுகிறேன். ஆனால் டோரஸ் போன கரீபியத் தீவுகளில் காட்டு வான்கோழியே கிடையாது. அவரை விட்டுவந்த லா நவிடாட் கோட்டைக்கு 1493இல் கொலம்பஸ் திரும்பியபோது அங்கே ஒருவரும் உயிரோடில்லை.

கினிக்கோழி ஆப்பிரிக்கப் பறவை. கருத்த உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளிகள், இறகில்லாத தலை. துருக்கியர் ஆண்ட பகுதிகளோடு வணிகம் செய்தவர்கள் வழியாக வந்ததால் ஆங்கிலேயர் அதைத் 'துருக்கிச் சேவல்' என்றார்கள். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவிலிருந்து இன்னொரு மொட்டைத்தலைப் பறவை வந்ததும், பழைய பெயரை அதற்கும் வைத்துவிட்டார்கள். அந்நாளில் மக்காச்சோளமே அவர்களுக்குத் 'துருக்கிக் கோதுமை'. 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் வான்கோழிக்குச் சூட்டிய அறிவியல் பெயரான 'மெலியாக்ரிஸ்' கூட, கிரேக்கத்தில் கினிக்கோழியின் பெயர்.

சரி, இதெல்லாம் இல்லாவிட்டாலும் ஸ்பானிய மொழி ஒன்றே எனக்குப் போதும். பறவையை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர். கொலம்பஸ் கப்பல்களும் அவர்களுடையவை. 'துக்கி' கப்பலில் பிறந்த பெயர் என்றால் முதலில் ஸ்பானியத்தில் அல்லவா நிலைத்திருக்க வேண்டும்? அங்கே வான்கோழி 'பாவோ'. அது மயிலின் பெயர், லத்தீனிலிருந்து வந்தது. வான்கோழி அதை எடுத்துக்கொண்டதால், மயிலை 'பாவோ ரியால்', அதாவது அரச பாவோ, என்று பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆக, மயிலோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டது உண்மை. தோகைக்கு அதில் பங்கில்லை. பிரெஞ்சில் இந்தியக் கோழி, டச்சில் கள்ளிக்கோட்டைக் கோழி, துருக்கியிலேயே 'ஹிந்தி'. டர்க்கி என்பது ஆங்கிலத்தில் முளைத்த பெயர். அப்படியானால் அதன் காரணத்தையும் லண்டன் சந்தையில்தான் தேட வேண்டும், கரீபியக் கடலில் அல்ல.

தோகைக் கதை போய்விட்டதே என்று முகம் வாடும் பிள்ளைகளுக்கு எபிரேயத்திலேயே ஒரு நல்ல சிலேடை இருக்கிறது. அங்கே வான்கோழி 'தர்னெகோல் ஹோது', இந்தியச் சேவல். 'ஹோது' என்றால் இந்தியா. அதே எழுத்தில், அதே ஒலியில் 'நன்றி கூறுங்கள்' என்றும் பொருள். பைபிளின் 136ஆம் சங்கீதம் தொடங்குவதே அந்தச் சொல்லில்தான். தேங்க்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழியை வெட்டும்போது நான் சொல்வது இதைத்தான்.