அம்மாவோடு மதுரைக்கு: பாண்டியன் எக்ஸ்பிரஸும் ஒரு லோயர் பெர்த்தும்

சென்னையிலிருந்து மதுரைக்கு ராத்திரி எந்த வண்டியில் போகலாம் என்று யார் கேட்டாலும் பாண்டியன் என்றுதான் சொல்வேன், கூட வயதானவர்கள் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். காரணம் ஒன்றுதான், அந்த வண்டி மதுரையோடு நின்றுவிடுகிறது. நெல்லை, கன்னியாகுமரி பக்கம் போகிற ராத்திரி வண்டிகள் விடிவதற்கு ரொம்ப முன்னாடியே மதுரைக்கு வந்து சில நிமிடம் நின்று கிளம்பிவிடும். முட்டிவலியுள்ள அம்மாவை அந்த அவசரத்தில் எழுப்பி இறக்கி ஒரு தடவை பட்டது போதும். பாண்டியனில் அலாரமே வேண்டாம், எல்லோரும் இறங்கின பிறகு நிதானமாக இறங்கலாம்.

ஆனால் பயணம் நன்றாக அமைவது டிக்கெட் போடும்போதே முடிவாகிவிடுகிறது. முன்பு 120 நாள் இருந்த முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான், கிளம்புகிற தேதி அதில் சேராது. காலை 8 மணிக்குத் திறக்கும். வெள்ளி ராத்திரியும், மதுரையிலிருந்து திரும்புகிற ஞாயிறு ராத்திரியும்தான் முதலில் தீரும், முடிந்தால் வியாழன் கிளம்பப் பாருங்கள்.

போன தடவை ஒரு தனியார் செயலியில் போட்டேன். கேன்சல் செய்தால் முழுப்பணம் திரும்பும் என்று ஒரு திட்டம், நான் கேட்காமலே டிக் ஆகி இருந்ததைப் பணம் கட்டின பிறகுதான் பார்த்தேன். அது போகட்டும், அம்மாவுக்கு அப்பர் பெர்த் வந்ததுதான் வயிற்றெரிச்சல். இந்த முறை நேராக ஐஆர்சிடிசி தளத்துக்கே போனேன். அங்கே கோட்டா பட்டியலில் லோயர் பெர்த், மூத்த குடிமக்கள் என்று ஒன்று இருக்கிறது, பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உரியது, ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் இரண்டு பேர், அந்த இரண்டு பேருக்குமே வயது தகுதி வேண்டும். மகனோ மகளோ அதே டிக்கெட்டில் சேர்ந்தால் கிடைக்காது. அதனால் அம்மாவுக்குத் தனியாக, எனக்குத் தனியாக இரண்டு டிக்கெட் போட்டேன். கட்டணச் சலுகையை 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள், வயதானவர்களுக்கு மிச்சம் இருப்பது இந்தக் கீழ் பெர்த் ஒன்றுதான், அதையாவது விடாமல் கேட்டு வாங்க வேண்டும்.

அம்மாவுக்கு பி2 ஏசி பெட்டியில் 20-ஆம் எண் லோயர் பெர்த், எனக்கு பி4 பெட்டி. தாம்பரம் தாண்டினதும் அம்மாவுக்கு மேலே மிடில் பெர்த்தில் இருந்த கல்லூரிப் பையனிடம் இடம் மாற முடியுமா என்று கேட்டேன், சரி அண்ணா என்று உடனே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அம்மா காகித உறையைப் பிரித்து, துவைத்த விரிப்பு இரண்டையும் மடிப்பு கலையாமல் விரித்து, போர்வையைக் கால்மாட்டில் வைத்துவிட்டுத்தான் படுத்தார். விருத்தாசலம் வருவதற்குள் நல்ல தூக்கம். ஸ்லீப்பரில் இந்த விரிப்பு, போர்வை எதுவும் டிக்கெட்டோடு வராது, வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

தட்கலை, அதாவது கடைசி நேர முன்பதிவை நம்பி வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். ஏசிக்கு முந்தின நாள் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் ஆன்லைனில் போட முடியும், எந்த பெர்த் வரும் என்பதும் கையில் இல்லை, உறுதியான தட்கலைக் கேன்சல் செய்தால் பணமும் வராது. முழு பெர்த் இல்லாமல் ஆர்ஏசி வந்தால் சைடு லோயரில் இன்னொருவரோடு பாதிப் பாதியாக ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருக்கும், நமக்குப் பரவாயில்லை, அம்மா வயதில் இடுப்பு தாங்காது. அப்புறம், வண்டி கிளம்புகிற எழும்பூர் நிலையத்தில் புதுப்பிக்கும் வேலை நடப்பதால் சில வண்டிகளை அவ்வப்போது தாம்பரத்திலிருந்து விட்டிருக்கிறார்கள், கிளம்புகிற அன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கொடைக்கானல் ரோடு தாண்டும்போது அம்மாவே எழுந்து தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதுரையில் இறங்கி ஆட்டோ பிடித்து, கூட்டம் சேருமுன் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போய்விட்டோம். திரும்புவதற்கும் இதே பாண்டியன்தான், அம்மா டிக்கெட் அதே கோட்டாவில் போட்டாயிற்று.