பாவூர்ச்சத்திரத்தில் நின்றுபோன சான்ட்ரோ

பாவூர்ச்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. நாலைந்து தடவை முயன்றும் அதே கதைதான். தென்காசியிலிருந்து ஒரு குறையும் இல்லாமல் வந்த வண்டி. அப்பாவின் 2005 மாடல் சான்ட்ரோ கார் அது. நான் டொராண்டோவிலிருந்து வரும் நாட்களைத் தவிர, பெரும்பாலும் தோட்டத்துக் கொட்டகையில்தான் நிற்கும்.

முதலில் சாலை உதவி எண்ணுக்கு அழைத்தேன். வண்டி தூக்க ஆள் வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். அடுத்து ஒரு சர்வீஸ் சென்டர். நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே, "பெட்ரோல் பம்ப் போயிருக்கும் சார், ஒன்பதாயிரம் வரும், மூணு நாள் விடணும்" என்று பதில் வந்தது. அடுத்த வாரம் எனக்கு விமானம். சரி என்று சொல்லவே வாயெடுத்துவிட்டேன். அதற்குள் அப்பா தனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார்.

இருபது நிமிடத்தில் பைக்கில் வந்தார். வந்ததும் பானெட்டைத் திறக்கவில்லை. என்னைச் சாவி போடச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் காதை வைத்தார். சான்ட்ரோவில் பெட்ரோல் பம்ப் அதற்கு அடியில் டேங்குக்குள் இருக்கிறது. சாவி போட்டதும் இரண்டு நொடி ம்ம்ம் என்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு அடங்கிவிடும். அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. "பம்ப் ஓடுது. செல்ஃபும் நல்லா சுத்துது, பேட்டரியையும் குத்தம் சொல்ல முடியாது அண்ணாச்சி" என்றார் அப்பாவிடம்.

அப்புறம் இன்ஜினுக்குள் பொறி விடும் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி, வயரோடு சேர்த்து இன்ஜின் இரும்பில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். பொறி வரவில்லை. பிளக்கின் முனையைத் தடவிப் பார்த்தார். இத்தனை தடவை முயன்றிருக்கிறோம், பெட்ரோலில் நனைந்திருக்க வேண்டும். ஆனால் காய்ந்து கிடந்தது. எனக்குப் புரிய வைத்தது இந்த இடம்தான். பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் மட்டும் கெட்டிருந்தால் பிளக் ஈரமாக இருக்கும். பெட்ரோல் மட்டும் வராமல் போயிருந்தால் பொறியாவது வரும். பம்ப் ஓடியும் இரண்டுமே சேர்ந்து நின்றிருக்கிறது என்றால், இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தியே, பொறியையும் பெட்ரோலையும் விடச் சொல்லும் வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. அந்தச் செய்தியை அனுப்புவது கிராங்க் சென்சார்.

சென்சாரையும் அவர் உடனே மாற்றச் சொல்லவில்லை. மீட்டர் வைத்து அதைச் சோதித்தார். நன்றாகவே இருந்தது. அதன் வயரைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே தடவிப் போனவர் ஓரிடத்தில் நின்றார். "தம்பி, இங்க பாருங்க. எலி வேலை." மேலுறை முழுக்கக் கடிபட்டு, ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. வரும் வழியின் குண்டு குழியில் அதுவும் இற்றுப்போய், சந்தையில் வந்து நின்றதும் அறுந்துவிட்டது. காலையில் ஓடியதற்கும் சந்தையில் நின்றதற்கும் காரணம் அதுதான்.

வயரைப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் போட்டு, சூடான இடத்தில் உரசாதபடி தள்ளிக் கட்டினார். அடுத்த சாவியிலேயே வண்டி எழுந்துவிட்டது. மொத்தம் ஒன்றரை மணி நேரம். 600 ரூபாய் கேட்டார். ஆயிரம் கொடுத்தேன், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டொராண்டோவில் கோளாறு என்னவென்று பார்ப்பதற்கு மட்டுமே தனிக் கட்டணம் கட்டியிருக்கிறேன், அதைத் தவறென்றும் நினைக்கவில்லை. இவருடைய வேலையில் முக்கால்வாசி அந்தப் பார்ப்பதுதான். அதற்கென்று அவர் ஒரு பைசா கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஊரில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள், செல்ஃப் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பம்ப் சத்தம் கேட்டதா என்பதை மட்டும் கவனித்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே குறையும்.

கொட்டகையில் வண்டிக்குப் பக்கத்திலேயே தேங்காய் மூட்டைகளை அடுக்கியிருந்தோம். எலிக்கு வேறென்ன வேண்டும்? கிளம்புவதற்கு முன் மூட்டைகளைப் பின்கட்டுக்கு மாற்றினேன். வண்டி இப்போது முன்வாசல் வேப்பமரத்தடியில் நிற்கிறது. மூன்று நாளுக்கொரு முறை அப்பா அதைத் தென்காசி வரை ஓட்டிப்போய் வருகிறார்.