நாள் தள்ளிப்போனால்: வீட்டுக் கிட்டா, ரத்தப் பரிசோதனையா?

நாலு நாள் தள்ளிப்போயிருக்கிறது, மார்பு கனக்கிறது, தாளிக்கிற வாசனையே குமட்டுகிறது. ஆனால் மாதவிலக்குக்கு முன்னாலும் மார்பு கனக்கும், சோர்வு வரும். உடம்பை மட்டும் வைத்துக் கர்ப்பமா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. சிறுநீரில் பார்க்கிற வீட்டுக் கிட், ரத்தப் பரிசோதனை, இரண்டும் தேடுவது கர்ப்பமானால் சுரக்கும் எச்சிஜி என்ற ஒரே ஹார்மோனைத்தான்.

செலவு: கிட் மருந்துக் கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ரத்தப் பரிசோதனைக்குச் சில நூறுகள் ஆகும்.

எப்போது: கிட்டுக்கு நாள் தள்ளிய பிறகுதான் நம்பகம். ரத்தத்தில் அதற்குச் சில நாள் முன்பே தெரியும்.

கிட்டில் பலர் தடுமாறுவது இங்கேதான். காலையில் முதல் சிறுநீர், கிட்டிலுள்ள குழியில் மூன்று சொட்டு, ஐந்து நிமிடம் காத்திருங்கள். கிட்டில் சி (C), டி (T) என்று இரண்டு எழுத்துகள் இருக்கும்; சி பக்கம் கோடே வராவிட்டால் அந்தக் கிட் செல்லாது. டி பக்கம் மங்கலாக ரோஸ் கோடு தெரிந்தாலும் பெரும்பாலும் கர்ப்பம்தான். அரைமணி கழித்துக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்து மனசை அலைக்கழிக்காதீர்கள், காய்ந்த கோட்டுக்கு அர்த்தமில்லை. கோடு இல்லை, மாதவிலக்கும் வரவில்லையா? சரி, மூன்று நாள் விட்டு மறுபடி பாருங்கள்.

ரத்தப் பரிசோதனை எச்சிஜி எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லும். ஆரம்ப வாரங்களில் அந்த எண் இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

நாள் தள்ளியவர்களுக்கு முதலில் கிட் போதும். முன்பு கரு கலைந்தவர்கள், குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனைக்கே போகலாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தக்கசிவு, மயக்கம் இருந்தால் எந்தச் சோதனைக்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கரு, கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம்.