ஃப்ளோரன்ஸிலிருந்து சியெனா: பஸ்ஸா, ரயிலா? ஆறு வருடம் போய் வந்த கணக்கு

இத்தாலியின் ஃப்ளோரன்ஸுக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்தாலும் இரண்டாம் நாளே, "பக்கத்துல வேற என்ன ஊர் இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் எப்போதும் சியெனாவைத்தான் சொல்வேன். அப்படி ஆட்களைக் கூட்டிக்கொண்டு இருபது தடவைக்கு மேல் போயிருப்பேன். பஸ்ஸில் போயிருக்கிறேன், ரயிலில் போயிருக்கிறேன், ஒரே ஒரு முறை வாடகைக் காரில்.

கார் கதையை முதலிலேயே முடித்துவிடுகிறேன். சியெனாவின் மதிலுக்குள் பெரும்பகுதியில் வெளி வண்டிகள் நுழையக் கூடாது; நுழைகிற இடத்தில் கேமரா இருக்கும். வழிகாட்டிச் செயலி சொன்ன பக்கமெல்லாம் திருப்பினேன். சில மாதம் கழித்து அபராதக் கடிதம் வந்தது, கூடவே அதை அனுப்பி வைத்ததற்கு வாடகை வண்டிக்காரர்களின் தனிக் கட்டணமும். அதோடு காருக்கு ஒரு கும்பிடு.

பஸ், ரயில் இரண்டுக்கும் டிக்கெட் பத்து யூரோ சுற்றுவட்டத்தில்தான். இரண்டுமே உள்ளூர்ச் சேவை என்பதால் முன்பதிவு செய்தால் மலிவு என்ற பேச்சே கிடையாது. காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நேரத்திலும் பெரிய வித்தியாசமில்லை: விரைவு பஸ் ஒன்றேகால் மணி, ரயில் ஒன்றரை மணி. வித்தியாசம் எங்கே என்றால், போய் இறங்குகிற இடத்தில். பயணக் கட்டுரைகள் பலவும் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

சியெனா மலை மேல் இருக்கிற ஊர். ரயில் நிலையம் அடிவாரத்தில் இருக்கிறது. பஸ் மேலேயே கொண்டுபோய் விட்டுவிடும். கிராம்ஷி சதுக்கத்தை ஒட்டி இறங்கினால் ஐந்து நிமிடத்தில் சான் தொமெனிகோ தேவாலயம், பத்து நிமிடத்தில் ஊரின் நடுச்சதுக்கமான காம்போ. ரயிலில் வந்தவர்கள் எதிரிலிருக்கும் வணிக வளாகத்துக்குள் போய், ஒன்றன்மேல் ஒன்றாக நீளும் நகரும் படிக்கட்டுகளில் ஏறி, வெளியே வந்து, மறுபடி இருபது நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. முதல் தடவை அவளை ரயிலில் கூட்டிப்போனேன். ஊர் மதிலின் காமோல்லியா வாசல் வருவதற்குள், "கோயிலுக்குப் போறோமா, மலைக்கோட்டைக்குப் போறோமா?" என்று கேட்டுவிட்டாள்.

ஆனாலும் அந்த வாசலை ஒரு தடவையாவது நடந்து கடக்க வேண்டும். 'இந்தக் கதவைவிட அகலமாக சியெனா உனக்குத் தன் இதயத்தைத் திறக்கிறது' என்று அதன் மேல் லத்தீனில் எழுதியிருக்கும். யாரை வரவேற்று எழுதினார்கள் தெரியுமா? ஃப்ளோரன்ஸை ஆண்ட மெதிச்சி வம்சத்தின் ஃபெர்தினாந்தோவை. 1555இல் மாதக்கணக்கான முற்றுகையில் பட்டினி கிடந்து சரணடைந்த ஊர், அதே வம்சத்துக்கு எழுதிய உபசாரம் அது. சிரித்துக்கொண்டே எழுதினார்களா, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்களா என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

ஃப்ளோரன்ஸ் பக்கம் பஸ் நிலையம் சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில்தான். தெருவின் பெயர் சியெனாவின் புனித கத்தரீன். அந்தப் புனிதையின் தலை சியெனாவில் சான் தொமெனிகோவில் இருக்கிறது, உடல் ரோமில். ஆக, அவர் பெயர் கொண்ட தெருவில் ஏறி அவர் தலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இறங்குகிறோம். பஸ்ஸில் கவனிக்க வேண்டியது ஒரு எழுத்து. 131 என்ற எண்ணோடு 'ஆர்' இருந்தால் விரைவு. 'ஓ' இருந்தால் போஜ்ஜிபோன்ஸி, கொல்லே என்று ஊர் ஊராக நின்று போகும். அவசரத்தில் 'ஓ'வில் ஏறி, பின்சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகளும் குறைவு.

ரயிலில் எனக்குப் பிடித்தது எம்போலி. பல வண்டிகளில் அங்கே மாற வேண்டியிருக்கும். வெறும் சந்திப்பு நிலையம் என்று காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். 1260இல் மோந்தபெர்த்தியில் சியெனா ஃப்ளோரன்ஸைத் தோற்கடித்த பிறகு, வென்றவர்கள் கூடி ஃப்ளோரன்ஸைத் தரைமட்டமாக்கலாமா என்று ஆலோசித்தது இந்த ஊரில்தான். வென்ற பக்கத்திலேயே நின்ற ஃப்ளோரன்ஸ்காரர் ஃபாரினாத்தா தெல்யி உபெர்த்தி ஒருவர் எழுந்து முடியாது என்று மறுத்ததால் ஊர் பிழைத்தது. அது பிழைத்ததால்தான் நான் இங்கே வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் அச்சுக் குத்தாமல் ஏறாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருக்கும்போதே நான் அபராதம் கட்டியிருக்கிறேன். "தெரியாது" என்ற சொல் அங்கே எடுபடாது.

இப்போது என் வழக்கம்: போகும்போது பஸ், திரும்பும்போது ரயில். இறக்கத்தில் நடப்பது சுகம், நகரும் படிக்கட்டும் கீழ்நோக்கி வரும்.

எந்த நாள் என்று கேட்டால், திங்கள். ஃப்ளோரன்ஸில் உஃபீசி ஓவியக்கூடமும், தாவீது சிலை இருக்கும் அக்கதேமியாவும் அன்று விடுமுறை. அந்த நாளை அங்கே வீணாக்குவானேன்? ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டும் பாலியோ குதிரைப் பந்தய நாட்கள். பந்தயம் பார்க்கப் போனால் சரி, ஊர் பார்க்கப் போனால் வேண்டாம். காம்போவில் மண் கொட்டியிருப்பார்கள். நடுவில் நிற்க இலவசம்தான், ஆனால் வாயில்களை அடைத்துவிட்டால் பந்தயம் முடியும்வரை வெளியே வர வழியில்லை. சியெனாவின் தலைமைத் தேவாலயமான துவோமோவின் சித்திரத் தரை வருடத்தில் பெரும்பகுதி மூடியே இருக்கும். கோடைக் கடைசியிலிருந்து சில வாரங்களுக்கு முழுதாகத் திறப்பார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், பார்த்துக்கொண்டு போங்கள்.

அதே தேவாலயத்துக்குப் பக்கத்தில் கூரையில்லாமல் ஒரு பெரிய சுவர் தனியாக நிற்கும். 1339இல் கோயிலை இன்னும் பெரிதாக்கத் தொடங்கினார்கள், 1348 கொள்ளைநோயில் ஊரே சரிந்து வேலை நின்றுபோனது. அம்மா மதுரைக்காரி. அண்ணாந்து பார்த்தவள், "நம்ம ராய கோபுரம் மாதிரி பாதியில விட்டுட்டாங்க, பாவம்" என்றாள். அந்தச் சுவரின் உச்சிக்கு ஏற வழி இருக்கிறது. காம்போவில் இருக்கும் மாஞ்யா கோபுரத்துக்குச் சுமார் 400 படி. அங்கே வரிசையில் நிற்க மனமில்லை என்றால் இதில் ஏறலாம், காட்சிக்குக் குறைவில்லை.

சாப்பாட்டுக்குப் பீச்சி. கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ். நம் கை முறுக்கைச் சுற்றுவதற்கு முன் திரித்து வைத்த மாவுபோல ஒன்று மெலிந்து ஒன்று பருத்து இருக்கும். சைவக்காரர்கள் பூண்டும் தக்காளியும் போட்ட 'அல்யோனே' கேளுங்கள். ரொட்டியை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இந்த வட்டாரத்து ரொட்டியில் உப்பே போடுவதில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்த நாக்குக்கு ஆறு வருடம் போதவில்லை.

ஒரு குறை உண்டு, அது என்மேல்தான். முதல் நான்கு வருடம் ஒரு ராத்திரிகூட அங்கே தங்காமல் மாலையே திரும்பிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குத் திரும்பினால், நம்மைப்போல் வந்தவர்களின் முதுகைத்தான் பார்க்க முடியும். ஒரு தடவை கடைசி வண்டியைத் தவறவிட்டு அறை எடுத்தோம். ஏழு மணிக்கு மேல் தெரு காலியானது. சாப்பிட்டுவிட்டு வரும்போது ஒரு சந்தில் இரண்டு பையன்கள் தங்கள் பேட்டையின் கொடியை வீசிப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள், மூன்றாவது பையன் மத்தளம் அடித்தான். கொடி ஒரு வீட்டு ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு பாட்டி கையை நீட்டி, எடுத்துக் கீழே போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைச் சாத்தினாள்.