ஞாபகசக்திக்கு எது: மத்தியதரைக்கடல் உணவா, மைண்ட் உணவா?

இரண்டிலும் காய்கறி, பருப்பு, முழுதானியம், ஆலிவ் எண்ணெய் உண்டு. மைண்ட் (MIND) என்பது மூளைக்காக வகுத்த உணவு முறை; மத்தியதரைக்கடல் உணவையும், ரத்த அழுத்தத்துக்கான டாஷ் உணவையும் கலந்து பிறந்தது. 2015-இல் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. பழம் என்றால் பெர்ரி வகைக்குத்தான் அதில் மதிப்பு. கீரை வாரம் ஆறு முறையாவது வேண்டும், மீன் ஒரு முறை போதும். வெண்ணெய், சீஸ், இனிப்புக்குக் கெடுபிடி. (கீரை விஷயத்தில் நம் வீடுகளுக்குச் சிரமமில்லை.)

சரி, சோதனையில் எது தேறியது? ஸ்பெயினின் பார்சிலோனாவில் சராசரி வயது 67 உள்ள 447 பேரைக் குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கொரு உணவு முறை கொடுத்து, சுமார் 4 ஆண்டுகள் கவனித்தார்கள். மத்தியதரைக்கடல் உணவோடு தினம் 30 கிராம் பாதாம், வால்நட் போன்ற கொட்டைகள் சாப்பிட்டவர்களுக்கு, கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட ஞாபகம் மேலாக இருந்தது. அதே உணவோடு ஆலிவ் எண்ணெயைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட குழுவுக்குச் சிந்தனைத் திறனில் பலன் தெரிந்தது.

மைண்ட் பற்றிய தொடக்க ஆய்வு, அதை ஒழுங்காகப் பின்பற்றியவர்களுக்கு அல்சைமர் அபாயம் 53 சதவீதம் குறைவு என்றது. ஆனால் அது வெறும் அவதானிப்பு: அவரவர் சாப்பிடுவதைக் கவனித்ததுதான், யாருக்கும் உணவு வகுத்துக் கொடுக்கவில்லை. 604 பேரை வைத்து மூன்று ஆண்டுகள் நடத்திய சோதனை 2023-இல் வெளிவந்தபோது, வழக்கமான உணவையே கொஞ்சம் அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் மைண்ட் உணவு சாப்பிட்டவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மூன்று ஆண்டுகள் போதாது என்ற வாதமும் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. இப்போதைக்கு என் ஓட்டு கொட்டைகளுக்கே. பல் ஆடுகிறவர்கள் ஊறவைத்து அரைத்துக்கொள்ளலாம்.