சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: தூரமும் காற்றும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர். மகள் அங்கே குடியேறியதிலிருந்து இந்த நேரடி விமானத்தில்தான் போய் வருகிறேன். டிக்கெட் எடுக்கும் பலரும் முதலில் கேட்பது தூரத்தைத்தான். பல ஆண்டு பழக்கத்தில் சொல்கிறேன்: இந்த வழியில் தூரத்தைவிடக் காற்றுதான் பெரிது.

அந்த எண்ணை நீங்களே போட்டுப் பார்க்கலாம். தீர்க்கரேகைப்படி சிங்கப்பூர் கிழக்கு 104 பாகை, நியூயார்க் மேற்கு 74 பாகை. கூட்டினால் 178. கிட்டத்தட்ட உலகின் எதிரெதிர்ப் பக்கங்கள் என்பதால், மிகக் குறுகிய கோடு வட துருவத்தை ஒட்டியே போகும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து ஜே.எஃப்.கே.க்கு 49.4 பாகை, ஆக 138. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,318 வருகிறது. கைக்கணக்கு இவ்வளவு நெருக்கமாக வந்ததில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

ஆனால் நான் நியூயார்க் போனபோதெல்லாம் திரையில் பார்த்த பாதை வேறு. ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கைக் கடந்து, வட அமெரிக்காவுக்குள் நுழையும். மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், சுற்றிப் போனாலும் நேரம் மிச்சம். 2018 அக்டோபரில், நியூயார்க்கை ஒட்டிய நூவர்க் விமான நிலையத்துக்கான நேரடிச் சேவையை மீண்டும் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன பறப்புத் தூரமே சுமார் 16,700 கிலோமீட்டர். நேர்கோட்டைவிட ஆயிரத்துக்கும் மேல் அதிகம்! திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வந்ததும் உண்டு. அப்படியென்றால் ஒரே பயணத்தில் உலகையே சுற்றி வந்தாயிற்று.

ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போனால் தூரம் சுமார் 16,500 கிலோமீட்டர். அதுவும் நேரடி விமானம் பறக்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நேரடியில் பதினெட்டரை மணி நேரம் சொச்சம், நின்று போனால் ஒரு நாளை நெருங்கிவிடும். நடுவில் எழுந்து, இறங்கி, மறுபடி ஏறும் அலுப்பு தனி. என் வயதுக்கு நேரடிதான் சரி.

விலை கூடுதல், அதை மறைக்க வேண்டியதில்லை. இந்த வழியில் பறக்கும் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானத்தில் இருப்பவை 161 இருக்கைகள் மட்டுமே. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமியே கிடையாது. இவ்வளவு தூரத்துக்கு எரிபொருளே பெரும் பாரம் என்பதால் ஆட்களைக் குறைத்துத்தான் ஏற்ற முடியும். 2004இல் நான்கு எஞ்சின் ஏ340-500 கொண்டு தொடங்கிய நூவர்க் சேவை 2013இல் நின்றதற்கும் எரிபொருள் செலவுதான் முக்கியக் காரணம். இரண்டு எஞ்சின் விமானம் வந்த பிறகே மறுபடி கட்டுப்படியானது.

பிரீமியம் எகானமியில் கடைசி வரிசைகளில், விமானத்தின் உடல் குறுகும் இடத்தில், ஜன்னலோரம் ஒற்றை இருக்கைகள் இருக்கின்றன. பக்கத்து ஆளை எழுப்பாமல் நடந்துவர அவைதான் வசதி. டிக்கெட் போடும்போதே அதைப் பிடித்துவிடுங்கள்.